கிராவல் அடிக்க வந்தவர்கள்

எங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம், இதைப் படிப்பார். நாற்பது வயதில் ஆண்களுக்கு வரும் வியாதிகள் மூன்று: சுகர், ஷேர் மார்க்கெட், சைக்கிள். நண்பருக்கு முதல் இரண்டும் ஏற்கெனவே இருந்தன. போன தீபாவளி போனஸோடு மூன்றாவதும் வந்து சேர்ந்தது.

சைக்கிள் என்றால் நீங்களும் நானும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து முட்டியைப் பெயர்த்துக் கொண்ட சைக்கிள் இல்லை. 'கிராவல் பைக்'. விலை ஒன்றரை லட்சம்.

"இந்தக் காசுக்கு மோட்டார் வைத்ததே வருமே சார்?" என்று கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை.

நாலாவது நாள் மனம் இளகி, கான்டீனில் வடையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பாடம் எடுத்தார். ரேஸ் சைக்கிளுக்கு டயர் ஒல்லி, காற்று நூறு பவுண்டு வரை அடிப்பார்கள், தார் ரோட்டில் பறக்கும், கல்லில் விட்டால் பல் கொட்டும். மலையேறும் சைக்கிளுக்கு டயர் குண்டு, பாறையில் ஏறும், ரோட்டில் எருமை மாதிரி நகரும். இரண்டுக்கும் நடுவில் பிறந்த குழந்தைதான் கிராவல் பைக். டயர் அகலம் நாற்பது மில்லிமீட்டர், காற்று முப்பது நாற்பது பவுண்டு போதும். சரளைக்கல், செம்மண், காட்டுப் பாதை, எல்லாவற்றிலும் மிதக்கும்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 2006ல் கொஞ்சம் பேர் சேர்ந்து கப்பி ரோட்டில் 200 மைல் ஓட்டிப் பார்த்தார்களாம். இன்று அதே பந்தயத்துக்கு உலகம் பூராவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பே ஆரம்பித்துவிட்டார்கள். "நல்ல ரோடு போரடித்துவிட்டது சார் உலகத்துக்கு" என்றார் நண்பர், ஏதோ உலகமே அவரிடம் தனியாகச் சொல்லி அழுத மாதிரி.

அன்று ராத்திரி வீட்டில் ஒரு காரியம் செய்தேன். மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் ஹெர்குலிஸ் இருக்கிறது. அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. தூசி தட்டி டயரைப் பார்த்தேன். 28 x 1½ என்று போட்டிருந்தது. ஒன்றரை அங்குலம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? கால்குலேட்டரைத் தட்டினேன். முப்பத்தெட்டு!

அதாவது, தபால்காரரும் பால்காரரும் தறிக்காரரும் பல தலைமுறையாக ஓட்டிக் கொண்டிருந்த வண்டி, டயர் கணக்குப்படி, கிராவல் பைக். முன்பக்கக் கவை நன்றாகச் சாய்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி அதிகமாக வைத்திருப்பதும் அதே காரணத்துக்குத்தான்: குண்டும் குழியுமான பாதையில் ஆட்டம் காணாமல் போக. நல்ல ரோடு இல்லாத ஊருக்கென்று செய்த வண்டி. நாம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதையே கொஞ்சம் இளைக்க வைத்து ஒன்றரை லட்சத்துக்குத் திரும்ப வாங்குகிறோம்.

இதை நண்பரிடம் சொன்னபோது, "அப்படியானால் அதையே எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார். வாயால் கெட்டேன்.

எங்கே போவது? கிராவல் ஓட்டுகிறவர்களுக்குக் காடும் மலையும்தான் கோவில். ஜவ்வாது மலை என்றார். கொல்லிமலை என்றார். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. எனக்குக் கத்திப்பாரா மேம்பாலம் ஏறினாலே கண் இருட்டும். "தரை மட்டமாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கெஞ்சியதில் கடைசியில் தீர்மானமானது, பழவேற்காடு.

* * *

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரி வரை நண்பரின் காரில் சைக்கிள்களை ஏற்றிக் கொண்டு போய், அங்கே டீ குடித்துவிட்டு, விடியும்போது மிதிக்க ஆரம்பித்தோம். நண்பர் ஒளிரும் மஞ்சள் ஜெர்ஸி, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. ஹேண்டில்பாரில் ஜி.பி.எஸ். கருவி. நான் பனியனுக்கு மேல் பழைய ஆபீஸ் சட்டை. அவர் மனைவி வற்புறுத்தியதால் எனக்கும் ஒரு மஞ்சள் கோட்டு, ஒரு ஹெல்மெட். இந்த உடுப்பை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வம்பில் மாட்டிவிட்டது இதுதான்.

சுமார் பதினெட்டு கிலோமீட்டர். வயல் தாண்டி, பனைமரம் தாண்டி, காற்றில் கருவாட்டு வாசனை வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழவேற்காடு லேசுப்பட்ட ஊர் இல்லை. சென்னை என்ற பெயரில் ஒரு கோட்டை எழும்புவதற்கு முன்னாலேயே, 1613ல், டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிவிட்டார்கள். கெல்ட்ரியா என்று பெயர். இன்று போய்ப் பார்த்தால் மண்மேடும் முட்புதரும்தான். அவர்கள் கல்லறை மட்டும் பத்திரமாக இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் காவல் நிற்கின்றன. இங்கிருந்து கப்பலேறிய துணிக்கு அவ்வளவு பேர். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கயின் பெலிகாட்' என்றுதான் பெயர். பெலிகாட் என்றால் புலிகாட். புலிகாட் என்றால் நம்ம பழவேற்காடு.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது உப்பங்கழி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆறுகள் ஒரு பக்கம் நல்ல தண்ணீரைக் கொட்ட, கடல் முகத்துவாரம் வழியாக உப்பை அனுப்ப, இரண்டும் கலந்த தண்ணீரில் இறால், நண்டு, மடவை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் இங்கே கரையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் மீனவர்களுக்கு அன்று கடலுக்குப் போகாதே என்று தாக்கீது வந்துவிடும். நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு லீவு, சம்பளமில்லாத லீவு.

பாலத்தின் மேல் நிறுத்திப் பார்த்தோம். தூரத்தில் தண்ணீரில் ரோஸ் கலரில் ஒரு கோடு. பூநாரைகள். நண்பர் பத்து விநாடி ரசித்தார். பிறகு ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தார். "தார் ரோடு முடியப் போகிறது!" என்றார், ஸ்வீட் ஸ்டால் வந்துவிட்டது மாதிரி.

* * *

பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு நீண்ட மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் வரிசையாகக் குப்பங்கள். ரோடு இருந்தது. பிறகு கொஞ்சம் இருந்தது. பிறகு, இருந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் இருந்தது. கடல் கொண்டு வந்து போட்ட மணல் அதன்மேல் மெத்தை மாதிரி படுத்துக் கிடந்தது.

நண்பருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, மணலில் புதையாமல் மேலே மிதக்குமாம். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. வாஸ்தவம்தான், அரை கிலோமீட்டர் நானும் ஒட்டகமாகப் போனேன். அதற்குள் வேலிக்காத்தான் முள் ஒன்று நண்பரின் டயரில் ஏறியது. அவருடையது ட்யூப் இல்லாத டயர். உள்ளே இருக்கும் வெள்ளைத் திரவம் கள்ளிப்பால் மாதிரி பீய்ச்சி, ஓட்டையைத் தானே அடைத்துக் கொண்டுவிட்டது. நண்பர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொரு முள் என் ஹெர்குலிஸில் ஏறியது. புஸ்ஸ்ஸ்.

தள்ளிக் கொண்டு போய்ச் சேர்ந்த இடம் ஒரு குப்பம். வலை காயப் போட்டிருந்த திண்ணையில் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து ஒரு சைக்கிள். என்னுடையதற்கு அண்ணன், காரியரில் ஐஸ்பெட்டி கட்டியிருந்தது. பஞ்சர் என்றதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சட்டியில் தண்ணீரும் சொல்யூஷன் ட்யூபும் எடுத்து வந்து உட்கார்ந்தார்.

நண்பர் சும்மா இருக்கக் கூடாதோ? ரோட்டை ரசிக்க ஆரம்பித்துவிட்டார். குனிந்து போட்டோ எடுக்கிறார். மணலைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். பத்தடி நடந்து, ஜி.பி.எஸ்ஸில் ஏதோ குறிக்கிறார். மஞ்சள் உடுப்பு, ஹெல்மெட் வேறு.

பெரியவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் கொண்டே கேட்டார்: "இன்னா சார், அளக்க வந்துகிறீங்களா?"

"இல்லீங்க" என்றார் நண்பர், சிரித்த முகமாக. "கிராவலுக்காக வந்திருக்கோம்."

பெரியவரின் கை நின்றது. ட்யூபிலிருந்து குமிழி மட்டும் வந்து கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏ புள்ள! கிராவல் அடிக்க வந்துகிறாங்க! எல்லாரையும் வரச்சொல்லு!"

வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கிராவல் என்றால் விளையாட்டு இல்லை. குவாரியிலிருந்து லாரியில் வந்து, ரோடு போடுவதற்கு முன்னால் கொட்டி நிரவுகிற செம்மண். எந்தக் கிராமத்திலும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். பல வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

* * *

ஐந்து நிமிஷத்தில் இருபது பேர். எங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. டீ வந்தது. பிஸ்கெட் வந்தது. நண்பர் வாயைத் திறக்கப் போன ஒவ்வொரு தடவையும் யாராவது பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு அம்மாள் சொன்னார்: "பொட்டில ஐஸ் போட்டு எடுத்துனு போறதுக்குள்ள பாதி உருகிடுது சார். ஆட்டோக்காரன் மணல்ல வரமாட்டேன்றான். ஏவாரி அதையே சொல்லி வெலய அடிக்கிறான். தலச்சுமையா பாலம் வரைக்கும் நடந்தா மீனும் கெட்டுடுது, இடுப்பும் கெட்டுடுது."

ஒரு இளைஞன்: "போன மழையில எங்க அக்காவுக்கு வலி வந்துட்ச்சு சார். ஆம்புலன்ஸ் அந்தாண்ட நின்னுபோச்சு. படகுல ஏத்தினு போனோம். படகு ரெண்டு தபா தர தட்டிச்சு." அக்கா பிழைத்துக் கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

பெரியவர் காரணத்தையும் சொன்னார், எந்த என்ஜினீயரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார். கடல் மணலை வருஷத்தில் பெரும்பாலும் வடக்கே தள்ளிக் கொண்டே போகும். நடுவில் யார் எதைக் கட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். (சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது இந்தக் கணக்கில்தான்.) மழைக்காலத்தில் வெள்ளம் முகத்துவாரத்தைத் திறக்கும். கோடையில் மணல் அடைக்கும். அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது, கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வர முடியாது. "முகத்துவாரத்தில இருக்கவேண்டிய வழி ரோட்டு மேல வந்துடுது, ரோட்டுல இருக்கவேண்டிய மண்ணு முகத்துவாரத்துக்குப் போயிடுது" என்றார். "அதனால சும்மா மண்ணக் கொட்டிட்டுப் போவாதீங்க சார். ஒசத்திப் போடுங்க. தண்ணி போக அடில குழா வைங்க. இல்லாங்காட்டி அடுத்த பொயலுக்கு அதுவும் போயிடும்."

நண்பர் எச்சில் விழுங்கினார். "இங்கே மீன்பிடிக்கக்கூட முறை உண்டாமே?" என்று பேச்சை மாற்றினார்.

உண்டு. 'பாடு' என்று பெயர். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொள்ளும் பழைய ஏற்பாடு. நல்ல இடத்தைப் பணக்காரனே எப்போதும் பிடித்துக் கொள்ள முடியாது. எல்லோருக்கும் பாடு இல்லை, பாடு உள்ள ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் சண்டை உண்டு. அது தனிக்கதை. பாடு என்ற வார்த்தைக்கு நாம் வேறு அர்த்தம் வைத்திருக்கிறோம். இங்கே இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது.

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக் கொண்டு முன்னால் வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாளாம். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. புது மெருகு அப்படியே இருந்தது, செயின் மட்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்து.

"மணல்ல மிதிக்க முடியல அண்ணா. போவசொல்ல தள்ளினு போறேன், வரசொல்லவும் தள்ளினு வரேன். எப்பண்ணா போடுவீங்க?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். இருபது வருஷ ஆபீஸ் சர்வீஸில் 'ஃபைல் மூவ் ஆகிக் கொண்டிருக்கிறது' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அன்று அது வாயில் வரவில்லை.

சொல்லிவிட்டேன். "நாங்க கவர்மென்ட் இல்லம்மா. இது ஒரு விளையாட்டு. அதாவது... ரோடு மோசமா இருக்கிற இடமாப் பார்த்து சைக்கிள் ஓட்டறது."

சத்தமே இல்லை. அலைச் சத்தம் மட்டும்.

பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. "நாப்பது வருசமா ஐஸ்பொட்டியக் கட்டினு இதுலதான் மிதிக்கிறேன். இதுக்குப் பேரு விளையாட்டுன்னு எனக்கு ஒருத்தனும் சொல்லலியே!"

நண்பரின் சைக்கிளைத் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். நண்பர் இருபதாயிரம் என்று பொய் சொன்னார். அதற்கே பெரியவர் புருவத்தைத் தூக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். 'சார்' போய் 'தம்பி' வந்திருந்தது.

"அப்ப ரோடு நல்லா போட்டுட்டா, நீ வரமாட்டியா தம்பி?"

நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பஞ்சருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும்போது கூடவே ஓட்டிக் கொண்டு வந்து வழி காட்டினார். காய்ந்த மணலில் போகக் கூடாது, வத்தம் பார்த்து அலை விட்டுப் போன ஈரமணலில் போனால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும் என்று. இருந்தது. ஐம்பது வயசு ஹெர்குலிஸும் ஒன்றரை லட்சமும் ஒரே வேகத்தில் போயின. பெரியவர் இரண்டுக்கும் முன்னால் போனார், ஐஸ்பெட்டியோடு.

* * *

நண்பர் ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அதைத் தன் செல்போனில் ஏற்றி, பாதைக்கு மார்க் போடுவார். மற்ற கிராவல் பைத்தியங்கள் பார்த்துவிட்டுக் கிளம்பி வருவதற்காக. அன்று வீடு திரும்பும் வழியில் செல்போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார்.

திங்கட்கிழமை ஆபீஸில் என் மேஜைக்கு வந்து ஒரு ஃபைலைப் போட்டார். அவர் எடுத்த போட்டோக்கள் எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே ஜி.பி.எஸ். கணக்கு. எந்த இடத்தில் மணல் தொடங்குகிறது, எத்தனை மீட்டருக்கு ரோடு காணவில்லை, எங்கே தண்ணீர் குறுக்கே போகிறது, எல்லாம். அக்கவுன்ட்ஸ்காரர் அல்லவா, கடைசியில் கூட்டுத்தொகையும் போட்டிருந்தார்.

"அந்தப் பெரியவர் அளக்க வந்தீர்களா என்று கேட்டபோது இல்லை என்றேனே, அது தப்பு சார். அளந்துதான் இருக்கிறேன்."

அடுத்த ஞாயிறு மறுபடி அதே குப்பம். இந்த முறை மஞ்சள் உடுப்பு இல்லை. 'தண்ணி போக அடியில் குழாய்' என்ற பெரியவரின் வாசகத்தோடு மனு எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிளஸ் ஒன் பெண் முதல் கையெழுத்து. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் பெரியவரும் இன்னும் நாலு பேரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். நம்பர் போட்ட ரசீது கிடைத்திருக்கிறது. ரசீது கிடைத்தால் ரோடு கிடைத்த மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆபீஸ் தெரியும். ஆனால் நண்பர் மாதம் ஒரு முறை போய் அதே இடங்களைத் திரும்ப அளந்து கொண்டு வருவதாக இருக்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். நேற்று கான்டீனில் கவலையோடு கேட்டார்: "நிஜமாகவே ரோடு போட்டுவிட்டார்கள் என்றால், நாம் கிராவல் ஓட்ட எங்கே சார் போவது?"

"கொல்லிமலைக்கு" என்றேன்.

இன்று காலையிலிருந்து கத்திப்பாராவில் பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். பாதி வரை ஏறினேன்.